பிசிறைச் சீவிவிடாதீர்கள்

திகில் கேம் செய்துகொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்களில் மூன்று பேர் சேர்ந்து செய்த ஒரு டெமோவைச் சில மாதங்களுக்கு முன் விளையாடினேன். ஆளில்லாத பழைய வீடு, ஒரு மாடிப்படி, கையில் டார்ச், அவ்வளவுதான். கதவைத் திறந்தால் அது நிலையைவிட்டு ஒரு விரற்கடை விலகி நின்றது. சுவரில் மாட்டியிருந்த குடும்பப் படம் கிட்டே போகப்போகக் கலங்கி, வெறும் கட்டங்களாகிவிட்டது. மாடியில் நின்ற பெண்ணுக்குக் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புத் திட்டுகள். அவள் நடக்கவில்லை. கை கால் அசையாமல், நின்ற வாக்கிலேயே தரையில் வழுக்கிக்கொண்டு என் பக்கம் வந்தாள். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, எழுந்துபோய் விளக்கைப் போட்டேன். பல வருடங்களாகக் கேம் விளையாடுகிறவள் நான். அப்படி எழுந்துபோனது சில தடவைகள்தான்.

பிறகு அதே டெமோவின் புதிய பதிப்பு வந்தது. "அக்கா, முன்னாடி அனுப்பினதை மறந்துடுங்க, அது அரைகுறை" என்று கூடவே ஒரு குறிப்பு. கதவு இப்போது நிலையில் கச்சிதமாகப் பொருந்தியது. குடும்பப் படத்தில் ஒவ்வொரு முகமும் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பெண்ணுக்குக் காசு கொடுத்து வாங்கிய முகம். தோலின் துளைகூடத் தெரிந்தது. நடையும் வந்திருந்தது. இடுப்பு அசைந்து, குதிகால் ஊன்றி, முறையாக நடந்து வந்தாள். ஒரே மூச்சில் விளையாடி முடித்தேன். விளக்கைப் போட எழுந்திருக்கத் தோன்றவில்லை.

எவ்வளவு உழைத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் மனம் கனத்துப்போயிற்று. மூன்று பேருக்கு மட்டும் எழுதியிருக்கலாம். ஆனால் 'அரைகுறை' என்ற அதே வார்த்தையை உங்களில் வேறு பலர் வாயிலும் கேட்டிருக்கிறேன். கிராஃபிக்ஸ் சரியில்லை, அனிமேஷன் வெட்டி வெட்டி வருகிறது, பணம் கிடைத்ததும் எல்லாவற்றையும் மாற்றிவிடுவோம் என்கிறீர்கள். மாற்றுவதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

ஸ்காட் காத்தன் என்ற அமெரிக்கரின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தவர்களும் இன்னொரு முறை கேளுங்கள். அவர் குழந்தைகளுக்காக ஒரு கேம் செய்தார். சிப்பர் அண்ட் சன்ஸ் லம்பர் கம்பெனி என்று பெயர். அப்பாவின் மரக்கடையில் ஒத்தாசை செய்யும் குட்டி பீவர்தான் நாயகன். பார்த்தவர்கள், பாத்திரங்கள் எந்திர பொம்மைகளைப் போல விறைப்பாக அசைகின்றன, பார்க்கவே பயமாக இருக்கிறது என்றார்கள். குழந்தைகளுக்கென்று ஆசையாகச் செய்த ஒன்றுக்கு அப்படிப்பட்ட விமரிசனம் வந்தால் யாருக்குத்தான் மனம் உடையாது? அவருக்கும் உடைந்தது. கேம் செய்வதையே விட்டுவிடலாம் என்ற அளவுக்குப் போனார். பிறகு அந்த வசவையே கையில் எடுத்துக்கொண்டார். நம் கைக்குத் தானாக வருவது இந்த விறைப்புதான் என்றால், வேண்டுமென்றே அதைச் செய்தால் என்ன? 2014 ஆகஸ்டில் வெளிவந்த ஃபைவ் நைட்ஸ் அட் ஃப்ரெடிஸ் அப்படித்தான் பிறந்தது.

அந்தக் கேமை எந்த வசதியை வைத்துச் செய்தார் என்று பாருங்கள். கிளிக்டீம் ஃப்யூஷன் என்ற எளிய கருவி. முன்கூட்டியே எடுத்து வைத்த அசையாப் படங்கள். நீங்கள் ஓர் உணவகத்தின் இரவுக் காவலாளி. நாற்காலியைவிட்டு எழவே முடியாது. இரவு பன்னிரண்டிலிருந்து காலை ஆறு வரை கண்காணிப்பு கேமராக்களை மாற்றி மாற்றிப் பார்க்கலாம். மின்சாரம் தீரும்வரை கதவை மூடலாம். மேடையில் நின்ற பொம்மை நகரும் நேரத்தில் கேமரா படம் அறுந்துவிடும். படம் திரும்பும்போது மேடை காலியாக இருக்கும். நடந்து போனதை நீங்கள் பார்க்கவே இல்லை. இப்போது எங்கே நிற்கிறது என்று தேட வேண்டும். நடந்ததைக் காட்டியிருந்தால், எந்தப் பக்கம் போனது என்று தெரிந்து மனம் ஆறியிருக்கும்.

இந்த நடை விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் உங்கள் டெமோவைக் கெடுத்தது அதுதான். ஓர் உருவத்தை இயல்பாக நடக்கவைப்பது தனியாளாகக் கேம் செய்பவருக்குப் பெரும்பாடு. கால் தரையில் ஊன்றும் இடம் சற்றுத் தவறினாலும் சறுக்குவது போலத் தெரியும். காத்தனுக்கு இரண்டு வருடம் முன்னால், 2012-இல், மார்க் ஹாட்லி செய்த ஸ்லெண்டர் கேமைப் பாருங்கள். காட்டில் எட்டுத் தாள்களைத் தேட வேண்டும். ஒரே மாதிரி மரங்கள், ஒரு டார்ச். துரத்துகிற அந்த நெட்டையன் நடப்பதே இல்லை. நீங்கள் பார்க்காத நேரத்தில் இடம் மாறி நிற்கிறான். நிற்பதைத் தவிர அவன் வேறெதுவும் செய்வதில்லை. அவனை உற்றுப் பார்த்தால் திரை இரைச்சலில் கலங்கும், அதனால் முகத்தைத் திருப்பியே ஆக வேண்டும். திருப்பினால் அவன் இன்னும் அருகே வருவான். அதே வருடம் பின்லாந்தின் யோனஸ் ரிக்கோனன் செய்த எஸ்சிபி கன்டெய்ன்மென்ட் பிரீச்சில் ஒரு சிலை. கண்ணிமைத்தால் அது நகரும். உங்கள் பாத்திரமோ சில நொடிகளுக்கொரு முறை இமைத்தே தீரும். அந்தச் சிலை, கேமுக்கு அடிப்படையான எஸ்சிபி இணையக் கதைகளில் முன்பிருந்தே அப்படிப்பட்டதுதான், அனிமேஷன் தெரியாததால் வந்த உத்தி என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்த மூன்று கேம்களிலும் நடை இல்லாத இடத்தில்தான் பயம் குடியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு கணத்தில் என்ன நடந்தது என்பதை விளையாடுகிறவரே வரைந்துகொள்கிறார். அவரவர் பயத்துக்குத் தகுந்த மாதிரி வரைந்துகொள்கிறார். விலைக்கு வாங்கும் எந்த மாடலாலும் அது முடியாது.

உங்கள் மாடிப் பெண் வழுக்கிக்கொண்டு வந்தது பிழைதான். நடை அனிமேஷன் இணைக்கப்படாததால் வந்த பிழை. ஆனால் பார்த்த எனக்கு அது அப்படிப் படவில்லை. மனுஷி என்றால் நடப்பாள்; நடக்காமல் வருகிறவள் யார் என்ற கேள்வி அந்தப் பிழைக்குள் இருந்தது. நீங்கள் இடுப்பையும் குதிகாலையும் சேர்த்து அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டீர்கள்.

இன்னும் பின்னால் போகலாம். 1999-இல் கோனாமி நிறுவனம் பிளேஸ்டேஷனுக்காக வெளியிட்ட சைலன்ட் ஹில் ஒரு இண்டி கேம் அல்ல. ஆனால் தட்டுப்பாட்டில் பிறந்தது. 1994-இல் வந்த அந்தக் கருவியின் பிரதான நினைவகம் 2 மெகாபைட். ஒரு முழு ஊரைத் தூரம் வரை வரைந்து காட்ட அதற்குத் தெம்பில்லை. வரைய முடியாத தூரத்தை மறைக்க ஊர் முழுக்கப் பனிமூட்டத்தைப் போட்டார்கள். சில அடிக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியாது. நாயகனின் கையிலிருக்கும் ரேடியோ மட்டும் ஏதோ நெருங்குகிறது என்று இரையும். கண்ணுக்கு முன் காதுக்குச் சேதி வரும். ஓடுவதா நிற்பதா என்று தெரியாமல் பனிக்குள் திணறிய அந்தச் சில நொடிகளை மறந்தவர்கள் என் வயதுக்காரர்களில் குறைவு.

பிறகு நடந்ததுதான் உங்களுக்குப் பாடம். 2012-இல் அந்த வரிசையின் இரண்டாம், மூன்றாம் கேம்களைத் துல்லியமான படத்தோடு புதுக்கி வெளியிட்டார்கள். இரண்டாம் கேமில் பனி மெலிந்துபோனது. மறைந்திருந்த விளிம்புகள் வெளியே தெரிந்தன. ஊருக்கு அப்பால் எதுவும் கட்டப்படவில்லை என்பது பளிச்சென்று தெரிந்துவிட்டது. 2024-இல் அதே இரண்டாம் கேமை முழுக்கப் புதிதாகச் செய்தபோது தூரத்தை வரைவதற்கு எந்தத் தடையும் இல்லை. ஆனாலும் பனியை அவர்கள் விடவில்லை. இருபத்தைந்து வருடம் முன்பு குறையை மறைக்கப் போட்ட துணிதான் அந்த ஊரின் முகம் என்று அதற்குள் எல்லோருக்கும் புரிந்திருந்தது.

அந்தப் பழைய பிளேஸ்டேஷனின் இன்னொரு ஊனத்தையும் சொல்லவேண்டும். பொருள்களின் மூலைப் புள்ளிகளை அது முழுப் பிக்சல்களில்தான் வைக்கும். நடுவே வைக்கத் தெரியாது. கேமரா மெல்ல நகர்ந்தால் சுவரின் மூலை ஒரு பிக்சலிலிருந்து அடுத்ததற்குத் துள்ளும். சுவரில் ஒட்டிய படமும் தூரத்துக்கு ஏற்பச் சரியாகச் சுருங்காமல் வளைந்து நெளியும். வீடு மூச்சுவிடுவது போலிருக்கும். அன்றைக்குப் பொறியாளர்கள் அதைக் குறை என்றுதான் நினைத்தார்கள். கார்ப் பந்தய கேமில் அது குறையேதான். இருட்டு வீட்டுக்குள் சுவர் நெளிந்தால், நிற்கிற தரையே நம்பத் தகுந்ததல்ல என்று உடம்புக்குத் தெரிகிறது. ரெசிடென்ட் ஈவில் கதையும் இப்படித்தான். 1996-இல் வந்த அந்த கேமில் ஒவ்வோர் அறைக்கும் முன்னால் ஒரு கதவு மெல்லத் திறக்கும் காட்சி வரும். குறுந்தகட்டிலிருந்து அடுத்த அறையை ஏற்றும் நேரத்தை மறைக்க வைத்தது அது. விளையாடியவர்களுக்கோ, அந்தப் பக்கம் என்ன காத்திருக்கிறது என்று நெஞ்சு அடித்துக்கொண்டு நின்ற இடம்.

இதெல்லாம் ஏன் வேலை செய்கிறது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். காண்பிக்காததை மனம் நிரப்பிக்கொள்ளும் என்பது ஒரு பாதிதான். மறுபாதி நம்பிக்கை பற்றியது. ஒரு பெரிய நிறுவனத்தின் கேமைத் திறந்தால் முதலில் வரிசையாக லோகோக்கள் வரும். நூற்றுக்கணக்கானோர் இதைச் சோதித்துச் சரிபார்த்திருக்கிறார்கள், எங்கே பயப்பட வேண்டும் எங்கே மூச்சுவிடலாம் என்று அளந்து வைத்திருக்கிறார்கள் என்று அந்த லோகோக்கள் உறுதி தருகின்றன. ராட்டினத்தில் ஏறுகிற மாதிரி. வயிறு கலங்கும், ஆனால் இறக்கிவிடுவார்கள் என்று தெரியும். பெயர் தெரியாத ஒருவர், எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து செய்த பிசிறடித்த கேமில் அந்த உறுதி கிடையாது. கதவு திறக்காமல் சிக்கிக்கொண்டால் அது பிழையா, பேயா? குரல் நடுவில் அறுந்தால் ஒலிக்கோப்பு கெட்டுவிட்டதா, யாராவது அறுத்தார்களா? இரண்டு நொடி அந்தக் குழப்பத்தில் நிற்கிறோம். அந்த இரண்டு நொடியில் கேம் திரைக்குள் இருப்பதாகத் தோன்றுவதில்லை.

இதை முழுக்கப் புரிந்துகொண்டு செய்தது, நான் விளையாடியவற்றில், கிட்டி ஹாரர்ஷோ என்ற பெயரில் இயங்கும் கலைஞர் 2016-இல் வெளியிட்ட அனாட்டமி. ஒரு சாதாரண வீடு. இருட்டில் ஒவ்வோர் அறையாகப் போய் ஒலிநாடாக்களைத் தேடி எடுத்துக் கேட்க வேண்டும். வீட்டை ஓர் உடம்பாக விவரிக்கும் குரல் அதில் ஓடும். பேயும் துரத்தாது, கத்தியும் வராது. திடீரென்று கேம் தானாக மூடிக்கொள்ளும். கணினியின் முகப்புத் திரை முன்னால் இருக்கும். கிராஷ் ஆகிவிட்டது என்று நினைத்து நீங்களே மறுபடியும் திறப்பீர்கள். இந்த முறை வீடு கொஞ்சம் கெட்டிருக்கும். படம் சிதைந்திருக்கும், குரல் பிசகியிருக்கும். மறுபடியும் மூடிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் திறப்பது உங்கள் கைதான், யாரும் வற்புறுத்தவில்லை. பளபளப்பான கேமில் இதே உத்தி எடுபடாது, ஏனென்றால் அது கிராஷ் ஆகியிருக்கும் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

ஜப்பானின் யுமே நிக்கியையும் விளையாடிப் பாருங்கள். 2004-இல் ஆர்பிஜி மேக்கர் 2003 என்ற கருவியில், கிகியாமா என்ற புனைபெயருக்குப் பின்னால் இருக்கும் யாரோ ஒருவர் செய்தது. ஒரு சிறுமியின் கனவுகளுக்குள் அலைய வேண்டும். விளக்கம் கிடையாது, பேச்சும் ஏறக்குறையக் கிடையாது. ஓர் அறையில் விளக்கு சுவிட்ச் இருக்கிறது. அதை அணைத்தால் 64-இல் ஒரு வாய்ப்பில், அங்கே நின்ற பெண் வேறொன்றாக மாறுவாள். அது ஏன் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. அந்த 64-இல் ஒன்றை முதன்முதலில் தற்செயலாகச் சந்தித்தவர்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். கேம் கெட்டுவிட்டதென்றுதான் சிலர் நினைத்திருப்பார்கள்.

டேவிட் ஷிமான்ஸ்கி 2022-இல் செய்த அயர்ன் லங் பற்றி உங்களில் பாதிப் பேருக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரத்தக் கடலுக்குள் ஒரு துருப்பிடித்த நீர்மூழ்கி, ஜன்னல் அடைக்கப்பட்டிருக்கிறது, வெளியே பார்க்க ஒரே வழி, பொத்தானை அழுத்தி எடுக்கும் மங்கலான கறுப்பு வெள்ளை நிழற்படம். கடலை வரைய வேண்டிய வேலையே அவருக்கு இல்லாமல் போயிற்று. போலந்தின் பாவெல் கோஸ்மின்ஸ்கி ஒரு பல் மருத்துவர். வேர்ல்ட் ஆஃப் ஹாரர் கேமின் படங்களை எம்எஸ் பெயின்ட்டில் வரைந்தார். உங்களில் பெரும்பாலோர் கணினியில் அது இருக்கும்.

இனி உங்களில் சிலருக்குக் கசப்பான ஒன்று. கரடுமுரடு எடுபடுகிறது என்று தெரிந்ததும் அதைக் கடையில் வாங்குகிற பழக்கம் வந்துவிட்டது. நல்ல தெளிவான வீட்டைக் கட்டிவிட்டு, மேலே பழைய பிளேஸ்டேஷன் ஷேடரைப் போர்த்துகிறீர்கள். விஎச்எஸ் கோடுகளை ஓடவிடுகிறீர்கள். அந்தக் கோடுகளுக்கு அடியில் எல்லாம் பத்திரமாக, நேராக, அளந்து வைத்தபடி இருக்கிறது. விளையாடுகிறவருக்கு இது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மேலே பூசிய அழுக்கு யாரையும் பயமுறுத்தாது. கரடு உள்ளேயிருந்து வரவேண்டும்: காட்ட முடியாததை ஏன் காட்டவில்லை என்பதற்குக் கதைக்குள் ஒரு காரணம் இருக்கவேண்டும். அயர்ன் லங்கின் அடைத்த ஜன்னல் அப்படிப்பட்டது. ஃப்ரெடிஸின் நாற்காலியும் அப்படித்தான்.

ஃபெயித் என்ற கேமில் ஏர்டார்ஃப் செய்திருப்பதை ஒரு தடவை கவனித்துப் பாருங்கள். சில வண்ணப் புள்ளிகளால் ஆன பாதிரியார், 1980-களின் கணினிக் குரல். கண் அந்தப் புள்ளிகளுக்குப் பழகிய பிறகு, திடீரென்று ஒரு காட்சி மட்டும் உண்மையான மனித அசைவின் மேல் சட்டம் சட்டமாக வரைந்தது போல வழுவழுவென்று அசையும். அந்த வழுவழுப்புதான் அங்கே அலறவைக்கிறது. கரடை எங்கே வைப்பது, எங்கே எடுப்பது என்று தெரிந்த கை அது. பிசிறை விட்டுவையுங்கள் என்று நான் சொல்வது கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் விட்டுவிடுவதற்கல்ல.

விடக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். சேமித்த ஆட்டம் அழிந்துபோகிற பக் இருந்தால் இன்றே சரிசெய்யுங்கள். எரிச்சல் வந்த இடத்தில் பயம் நிற்காது. படிக்க முடியாத சிறிய எழுத்து, சொன்ன பேச்சைக் கேட்காத மவுஸ், இவையும் அப்படியே. கண்ணைப் பறிக்கும் மின்னல்களை வைத்தால் தொடக்கத்திலேயே எச்சரிக்கை போடுங்கள். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு அது விளையாட்டல்ல. ஒலியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். படம் குறைவாகச் சொல்லும்போது காது இரண்டு மடங்கு வேலை செய்கிறது. சைலன்ட் ஹில்லின் பாதி அகிரா யமாவோகாவின் ஒலிதான். உங்கள் முதல் டெமோவில் மாடியிலிருந்து கேட்ட அந்த இழுபடும் சத்தத்தை, தயவுசெய்து, யாரும் தொடாதீர்கள்.

நம் எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில கேம் எஞ்சின்களில் தமிழைப் போட்டால் கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் போய் நிற்பது உங்களுக்குத் தெரியும். மெனுவிலும் வசனத்திலும் அதைக் கட்டாயம் சரிசெய்யுங்கள். நம் மொழியை உடைந்த எழுத்தில் விற்பது அவமானம். ஆனால் அந்த மாடி அறைச் சுவரில், ஒரே ஒரு தடவை, கொம்பு பிசகிய ஒரு பெயரைக் கரியால் எழுதி வைத்துப் பாருங்கள். தாய்மொழி கண் முன்னால் குலைந்து நிற்கும்போது என்னவோ செய்கிறது. அந்தப் பயத்தை வேறு நாட்டுக்காரர்கள் நமக்குச் செய்து தரமாட்டார்கள்.

பளபளப்பான திகில் கேமே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. 2014-இல் வந்த பி.டி. என்ற டெமோவின் அந்த ஒற்றைத் தாழ்வாரம் அன்றைக்கு நிஜ வீடு போலவே இருந்தது. அதைப் போல என்னை நடுங்கவைத்தவை சிலவே. ஆனால் அதையும், அதைச் செய்த புகழ்பெற்ற கேம் இயக்குநர் கோஜிமா, தன் பெயரில் வெளியிடவில்லை. யாரும் கேள்விப்படாத ஒரு ஸ்டுடியோவின் பெயரைப் போட்டார். பெரிய கைகள்கூட, அந்த முதல் நாளில், யாரென்று தெரியாத உங்களைப் போல இருக்க விரும்பின.

அதனால் ஒரு வேண்டுகோள். பழைய பில்டை அழிக்காதீர்கள். இரண்டு பதிப்புகளையும், இதுவரை விளையாடாத ஒருவரிடம், இரவில், தனியாக விளையாடக் கொடுங்கள். பக்கத்தில் உட்காராதீர்கள், வாசலில் நின்று பாருங்கள். எந்தப் பதிப்பில் அவர் எழுந்துபோய் விளக்கைப் போடுகிறாரோ, அதை வெளியிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கேம்களுக்காகக் காத்திருக்கும் ஓர் அக்கா